பக்கவாதம்: அடைப்பா? உடைப்பா?

(காவிரிப் பாசனப் பகுதியில் நடந்த பொதுக்கூட்டம் ஒன்றில் பேசியது)



பாரிசவாயு என்றும், பக்கவாதம் என்றும், இப்பொழுது படித்தவர் படியாதவர் எல்லோராலும் ஸ்ட்ரோக் என்றும் சொல்லப்படுகிற வியாதியைப் பற்றியும், அதற்குரிய மருந்தைப் பற்றியும் இன்று இக்கூட்டத்தில் சில வார்த்தைகள் சொல்லலாம் என்று நினைக்கிறோம். பகுத்தறிவுப் பிரசாரக் கூட்டத்தில் வைத்தியப் பேச்சு எதற்கு என்று சிலருக்குத் தோன்றலாம். நாம் வைத்தியரல்ல. வைத்தியக் கல்லூரி வாசலைப் படிப்பதற்காக மிதித்தவருமல்ல. ஆனால் இந்த ஒரு வியாதியில் மனிதன் பிழைப்பதும் சாவதும், கை கால் விளங்குவதும் விளங்காமல் போவதும் பாதி டாக்டருடைய கெட்டிக்காரத்தனத்திலும், மற்றப் பாதி வீட்டிலும் தெருவிலும் வயலிலும் பக்கத்திலிருப்பவர்களுடைய புத்தியிலும் இருக்கிறது. டாக்டரின் பாதி டாக்டரைச் சேர்ந்தது. மறுபாதி நம்முடைய இலாகாவைச் சேர்ந்ததாகையால் அதைப் பற்றிப் பேச நமக்குப் பாத்தியதை உண்டு என்று கருதுகிறோம்.

வாய்க்காலும் மூளையும்

நீங்கள் எல்லோரும் தண்ணீர் பாய்ச்சத் தெரிந்தவர்கள். கல்லணையில் பிரிகிற தண்ணீர் காவிரியாகவும் வெண்ணாறாகவும் ஓடி, அதிலிருந்து கிளையாறு, கிளையாற்றிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து கன்னி வாய்க்கால் என்று பிரிந்து கடைசியில் கடைமடைக்காரன் வயலுக்கு வருகிறது. நடுவில் ஒரு மதகில் செத்தையும் சேறும் சேர்ந்து அடைத்துக் கொண்டால், மேலே எவ்வளவு தண்ணீர் ஓடினாலும் கீழே பயிர் காய்கிறது. மூளையும் அப்படித்தான். இருதயத்திலிருந்து கழுத்து வழியாக மேலேறுகிற இரத்தம் சிறு சிறு குழாய்களாகப் பிரிந்து மூளை முழுவதும் பாய்கிறது. அதில் ஒரு குழாயை இரத்தக்கட்டி ஒன்று அடைத்தால் அதற்குக் கீழுள்ள மூளைப் பாகம் காய ஆரம்பிக்கிறது. மூளையின் இடது பாகம் காய்ந்தால் வலது கையும் காலும் விழுகிறது. பெரும்பாலோருக்குப் பேச்சும் போகிறது. வலது பாகம் காய்ந்தால் இடது கையும் காலும் விழுகிறது. இது அடைப்பினால் வருகிற பக்கவாதம்.

இன்னொன்றும் உண்டு. குழாயே வெடித்து மூளைக்குள் இரத்தம் கொட்டுவது. அது கரை உடைப்பு. அடைப்பே அதிகம் என்றாலும் உடைப்பும் நம் நாட்டில் கொஞ்சமல்ல. இதில் கவனிக்க வேண்டிய சங்கதி என்னவென்றால், அடைப்பானாலும் உடைப்பானாலும் வெளியில் பார்க்கிறவனுக்கு அடையாளம் ஒன்றுபோலவே இருக்கும். முகம் ஒரு பக்கம் கோணும், கை துவளும், வாய் குழறும். எவ்வளவு பெரிய டாக்டரானாலும் நாடியைப் பிடித்தோ, கண்ணைப் பார்த்தோ இது அடைப்பா, உடைப்பா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. தலையை ஸிடி படம் எடுத்துத்தான் சொல்ல முடியும். இதை நன்றாக மனதில் வைத்துக் கொள்ளுங்கள். இனிமேல் நாம் சொல்லப் போவதெல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது.

பயிராவது இரண்டு நாள் தாங்கும். பட்டுப் போனாலும் மறுநடவு நடலாம். மூளை அப்படித் தாங்காது. பெரிய குழாய் ஒன்று அடைபட்டால் ஒரு நிமிஷத்துக்குச் சுமார் 19 லட்சம் மூளை அணுக்கள் சாகின்றன என்று 2006-ம் வருஷத்தில் கணக்கிட்டு எழுதினார்கள். செத்த அணுவுக்கு மறுநடவு கிடையாது.

முனியும் புறாவும் ராகு காலமும்

இப்படி நிமிஷக் கணக்காய் ஓடுகிற வியாதிக்கு நம் ஊர்களில் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். நாம் பிரசாரத்துக்குப் போகிற இடங்களிலெல்லாம் கேட்கிற கதை ஏறக்குறைய ஒன்றுதான். காலையில் வரப்பில் நடந்து வந்த ஆள் வாய் கோணி விழுகிறான். "முனி அறைந்து விட்டது" என்கிறான் ஒருவன். "காற்று சேஷ்டை" என்கிறான் மற்றொருவன். வேப்பிலை அடிக்க ஒருவன் வருகிறான். விழுந்த கையில் சூட்டோடு தடவப் புறாவை அறுத்து இரத்தம் கொண்டு வருகிறான் இன்னொருவன். பிறகு எண்ணெய் காய்ச்சுகிறார்கள். வாயில் பாலோ கஷாயமோ ஊற்றுகிறார்கள். கடைசியாக வண்டி பிடிக்கலாம் என்று வரும்பொழுது, பஞ்சாங்கம் பார்த்தவர் ஒருவர், "இப்பொழுது ராகு காலம், கழியட்டும்" என்கிறார்.

தோழர்களே! ராகு காலம் என்பது தினம் ஒன்றரை மணி நேரம். ஒரு நிமிஷத்துக்கு 19 லட்சம் வீதம் 90 நிமிஷத்துக்குப் பெருக்கிப் பாருங்கள். 17 கோடிக்கு மேல் அணுக்கள் போய் விடுகின்றன. திருநாகேஸ்வரத்தில் பாலாபிஷேகம் வாங்கிக் கொள்ளுகிற ராகு இந்த 17 கோடியில் ஒன்றையாவது திருப்பித் தருவாரா என்று கேட்கிறோம்.

சீர்காழிக்குப் பக்கத்தில் வைத்தீஸ்வரன் கோயில் இருக்கிறது. அங்குள்ள சாமிக்கு வைத்தியர் என்றே பெயர். அங்கே கொடுக்கப்படும் திருச்சாந்துருண்டை 4448 வியாதிகளைத் தீர்க்கும் என்று சொல்லப்படுகிறது. 4448 வியாதிக்கும் ஒரே உருண்டை! அடைப்புக்கும் அதுவே, உடைப்புக்கும் அதுவே. 4448-ல் ஒரு வியாதியிலாவது, உருண்டை தின்றவர் நூறு பேர், தின்னாதவர் நூறு பேர், இன்னின்னார் பிழைத்தார்கள் என்று யாராவது எண்ணிப் பார்த்ததுண்டா? பரிசோதிக்காத வரைக்கும் எந்த உருண்டையும் 4448 வியாதியைத் தீர்க்கும். நாகூருக்குப் போகிற தோழர்களுக்கும், வேளாங்கண்ணிக்குப் போகிற தோழர்களுக்கும் இதே கேள்விதான். நாம் ஒரு மதத்தாருக்கு மாத்திரம் இதைச் சொல்ல வரவில்லை.

மருந்து வந்த விதம்

இனி மருந்தின் கதைக்கு வருவோம். இரத்தக்கட்டியைக் கரைக்கலாம் என்று 1933-ம் வருஷத்தில் அமெரிக்காவில் டில்லட் என்பவர் கண்டார். தொண்டைப் புண்ணை உண்டாக்கும் கிருமி ஒன்றிலிருந்து வருகிற வஸ்து இரத்தக்கட்டியைக் கரைக்கிறது என்று அவர் எழுதினார். அதுதான் பிற்பாடு ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்ற மருந்தாகி, மார்படைப்பில் இருதயக் குழாயைத் திறந்து விட்டு எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றிற்று.

மார்பில் வேலை செய்கிற மருந்து மூளையிலும் வேலை செய்யத்தானே வேண்டும்? நம் ஊர் வைத்தியராயிருந்தால் அப்படியே சொல்லிக் கொடுத்திருப்பார். அவர்கள் எண்ணிப் பார்த்தார்கள். ஐரோப்பாவில் பக்கவாதக்காரர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த பரிசோதனை ஒன்றின் முடிவு 1996-ல் வெளிவந்தது. பத்து நாளைக்குள் செத்தவர்கள், மருந்து கொடுத்தவர்களில் 100-க்கு 34 பேர். கொடுக்காதவர்களில் 100-க்கு 18 பேர். மருந்து மூளையில் இரத்தப்போக்கை உண்டாக்கி விட்டது. உடனே பரிசோதனையை அவர்களே நிறுத்தினார்கள். "எங்கள் மருந்து இவ்விடத்தில் கொல்லுகிறது" என்று அவர்களே பத்திரிகையில் அச்சிட்டார்கள். தன் விபூதி இன்ன இடத்தில் பலிக்கவில்லை என்று அச்சிட்ட மடாதிபதி உலகத்தில் எங்கேயாவது உண்டா?

மற்றொரு மருந்து ஆல்டிபிளேஸ் என்பது. மனித சரீரத்திலேயே கட்டியைக் கரைக்க இயற்கையாக உள்ள வஸ்துவை, வெள்ளெலி ஜாதி ஒன்றின் அணுக்களில் வளர்த்து எடுப்பது. 1995 டிசம்பரில் அமெரிக்காவில் 624 பேரை வைத்துச் செய்த பரிசோதனை வெளிவந்தது. பாதிப் பேருக்கு மருந்து; பாதிப் பேருக்கு மருந்துபோலத் தோன்றும் வெறும் திரவம். யாருக்கு எது என்று போட்டவருக்கும் தெரியாது, போட்டுக் கொண்டவருக்கும் தெரியாது. வியாதி கண்டு 3 மணி நேரத்துக்குள் போட்டார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்ததில், ஊனமில்லாமல் அல்லது ஊனம் என்று சொல்லத்தக்கதில்லாமல் நடமாடினவர்கள், மருந்து போட்டவர்களில் 100-க்கு 39, போடாதவர்களில் 26. அதே சமயத்தில், மூளையில் இரத்தம் கசிந்து கெடுதல் உண்டானவர்கள், போட்டவர்களில் 100-க்கு 6 பேருக்கு மேல். போடாதவர்களில் ஒருவர்கூட இல்லை எனலாம். அப்படியிருந்தும் மூன்று மாதத்துக்குள் செத்தவர்களின் தொகை மருந்து போட்டவர்களில் அதிகமாகி விடவில்லை. 2008-ல் ஐரோப்பாவில் இன்னொரு பரிசோதனை செய்து நாலரை மணி நேரம் வரைக்கும் இது பயன்படும் என்று கண்டார்கள்.

இங்கே ஒரு புத்திசாலி எழுந்து, "புறா இரத்தத்தைக் கேலி செய்கிறீர்களே, உங்கள் மருந்து எலியின் அணுவில் செய்ததுதானே?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. நாம் புறாவை ஆக்ஷேபிக்கவில்லை. எங்கிருந்து வந்தது என்பதில் உயர்வு தாழ்வு கற்பிப்பது ஜாதிக்காரன் புத்தி. மருந்துக்கு ஜாதி கிடையாது. நாம் கேட்பதெல்லாம் எண்ணிப் பார்த்தாயா என்பதுதான். புறா இரத்தத்தை நூறு பேருக்குத் தடவி, நூறு பேருக்குத் தடவாமல், கைவந்தவர்கள் இத்தனை என்று ருஜுப்படுத்தினால் நாளைக்கே நாமும் புறாவுக்காகப் பிரசாரம் செய்யத் தயார்.

1984 அக்டோபரில், அப்பொழுது முதலமைச்சராயிருந்த எம்.ஜி. இராமச்சந்திரன் அவர்கள் சென்னை ஆஸ்பத்திரியில் இருந்தபோது பக்கவாதம் கண்டதும், தமிழ்நாட்டில் கோயில், மசூதி, சர்ச்சு ஒன்று பாக்கியில்லாமல் பிரார்த்தனை நடந்ததும் உங்களில் வயதானவர்களுக்கு ஞாபகமிருக்கும். மொட்டையடித்தவர்கள் எத்தனை பேர், தீச்சட்டி எடுத்தவர்கள் எத்தனை பேர்! அவர் அமெரிக்காவுக்குப் போய் வைத்தியம் செய்து கொண்டு 1985 பிப்ரவரியில் திரும்பினார். ஆனால் அவ்வளவு கோடி ஜனங்களின் பிரார்த்தனையாலும் அவருடைய பழைய பேச்சு திரும்பவில்லை. அவருக்கு வந்தது எந்த வகை என்கிற விசாரணைக்கு நாம் போகவில்லை. அன்றைக்கு உலகத்தில் எந்த ராஜாவுக்கு மூளையில் அடைப்பு வந்தாலும், அதைக் கரைக்க இதுதான் மருந்து என்று ருஜுவான மருந்து கிடையாது. பதினொரு வருஷம் கழித்துத்தான் ருஜுவாயிற்று. அன்று மந்திரிக்கும் மகாராஜாவுக்கும் இல்லாதது, இன்று நேரத்தோடு போய்ச் சேர்ந்தால் நாற்று பறிக்கிற கூலிக்காரிக்குக் கிடைக்கக்கூடிய காலம் வந்திருக்கிறது. அதை ராகு காலத்துக்குக் காவு கொடுக்கலாமா?

மருந்தே விஷமாகிற இடம்

நிற்க. இவ்வளவும் கேட்டு விட்டு, "அப்படியானால் ஊசி போட்டால் போதும்" என்று ஒருவர் நினைத்தால், அவர் உருண்டையை விட்டு ஊசியைச் சாமியாக்கிக் கொண்டவராவார். ஊசிக்குக் கற்பூரம் காட்டுவதும் மூடநம்பிக்கைதான். இந்த மருந்து கத்தி போன்றது. எங்கெங்கே வெட்டும் என்பதைத் தெரிந்து கொள்ள வேண்டும்.

முதலாவது, படம். உடைப்பெடுத்த கரையில் மதகைத் திறந்து விட்டால் ஊரே முழுகும். உடைப்பினால் வந்த பக்கவாதத்துக்கு இம்மருந்தைப் போட்டால் ஆள் செத்தே போவான். ஆகவே ஸிடி படம் எடுக்காமல் இம்மருந்து கிடையாது. அதே காரணத்தால் வீட்டில் ஆஸ்பிரின் மாத்திரை கொடுப்பதும் தப்பு. மார்வலிக்கு ஆஸ்பிரினை மெல்லச் சொல்லுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அதையே கை விழுந்தவன் வாயிலும் போடுகிறார்கள். அடைப்பென்று தெரிந்த பிறகு ஆஸ்பிரின் நல்ல மருந்துதான். 1997-ல் இரண்டு பெரிய பரிசோதனைகளில் ஏறக்குறைய 40,000 பேரை வைத்துப் பார்த்ததில், இரண்டு நாளைக்குள் ஆரம்பித்தால் ஆயிரம் பேரில் சுமார் 9 பேரைச் சாவிலிருந்தோ மறுபடி வருகிற வாதத்திலிருந்தோ காக்கிறது என்று கண்டார்கள். விலையோ சில காசு. ஆனால் முதலில் படம், பிறகு மாத்திரை.

இரண்டாவது, நேரம். டாக்டர் "எப்பொழுது வந்தது?" என்று கேட்டால், சீக்கிரம் சேர்த்துக் கொள்ள மாட்டார்களோ என்று பயந்தும், தாமதித்ததற்குத் திட்டுவார்களோ என்று பயந்தும், "இப்பொழுதுதான், அரைமணி இருக்கும்" என்று பொய் சொல்லுகிறவர்கள் உண்டு. தோழர்களே! அந்தப் பொய் ஆளைக் கொல்லும். நேரம் கடந்து காய்ந்து போன மூளையில் மருந்தை விட்டால் இரத்தம் கசியும். தூங்கி எழுந்திருக்கும்போதே கை விழுந்திருந்தால், கண்ட நேரத்தைச் சொல்லக் கூடாது. கடைசியாக நன்றாயிருந்ததைப் பார்த்த நேரத்தைச் சொல்ல வேண்டும். இரவு 10 மணிக்குப் பேசிவிட்டுப் படுத்தார் என்றால் 10 மணிதான் கணக்கு. நாலரை மணி தாண்டி விட்டதென்றாலும் கதி மோட்சம் இல்லை என்பதில்லை. தொடை வழியாகக் கம்பி செலுத்திப் பெரிய கட்டியை இழுத்தெடுக்கிற முறை 2015-ல் ருஜுவாகி, படம் பார்த்துப் பொறுக்கி எடுத்தவர்களுக்கு 24 மணி நேரம் வரைக்கும் கூடச் செய்கிறார்கள். ஆகையால் பொய் சொல்ல எந்த அவசியமும் இல்லை.

மூன்றாவது, எடை. இம்மருந்து ஆளின் எடைக்குத் தக்கபடி போடுவது. ஆல்டிபிளேஸ் ஒரு கிலோவுக்கு 0.9 மில்லிகிராம், எவ்வளவு கனத்த ஆளானாலும் 90-க்கு மேலில்லை. அதில் பத்தில் ஒரு பங்கு உடனே. பாக்கி ஒரு மணி நேரத்தில் சிறுகச் சிறுக. 50 கிலோ ஆளுக்கு 45 மில்லிகிராம். பார்வையில் 65 கிலோ என்று மதித்து விட்டால் 58.5 ஆகிவிடும். பதிமூன்றரை மில்லிகிராம் அதிகம். நெல்லைக்கூட நாம் கண்மதிப்பில் விற்பதில்லை. மனிதனை மாத்திரம் கண்மதிப்பில் நிறுக்கலாமா? எடை போட்டீர்களா என்று மரியாதையாகக் கேளுங்கள்.

நாலாவது, மருந்தின் பெயர். டெனக்டிபிளேஸ் என்று மற்றொரு மருந்து வந்திருக்கிறது. ஒரே தடவையாய் ஊசியில் தள்ளி விடலாம். ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாய் ஏற்ற வேண்டியதில்லை. சிறு ஆஸ்பத்திரிக்கும், ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்படுகிறவர்களுக்கும் சௌகரியம். 2022-ல் கனடாவில் செய்த பரிசோதனையில் பழைய மருந்துக்கு இது குறைந்ததல்ல என்று கண்டார்கள். 2025 மார்ச்சில் அமெரிக்க சர்க்கார் பக்கவாதத்துக்கு இதை அனுமதித்தார்கள். நம் நாட்டில் அதற்கு முன்பிருந்தே உபயோகத்தில் இருக்கிறது. ஆனால் மார்படைப்புக்குப் போடும் அளவு மூளைக்குப் போடும் அளவைப் போல் ஏறக்குறைய இரண்டு பங்கு. புட்டி ஒன்றே, அளவு வேறு. அமெரிக்காவில் ஒன்றை டிபிஏ என்றும் மற்றதை டிஎன்கே என்றும் சுருக்கி எழுதப் போய், ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போட்ட விபத்துகள் நேர்ந்து, பெயரைச் சுருக்காமல் எழுதுங்கள் என்று எச்சரித்திருக்கிறார்கள். படித்தவர்களுக்கும் கை தவறும் என்று ஒப்புக்கொண்டு, தவறாதபடி வழி செய்வதுதான் அறிவு.

ஐந்தாவது, இரத்தக் கொதிப்பு. இம்மருந்து போடுவதற்கு முன் கொதிப்பு 185-க்கும் 110-க்கும் கீழே இருக்க வேண்டும். அதற்காக வீட்டிலேயோ, சிறு டிஸ்பென்சரியிலேயோ நாக்குக்கு அடியில் மாத்திரையைப் பிழிந்து விட்டுக் கொதிப்பைத் திடீரென்று இறக்குகிறார்களே, அது பெரிய அபாயம். அடைப்பு இருக்கிறபோது மேலே தண்ணீர் வேகமாய் இருந்தால்தான் பக்கத்துக் கன்னி வாய்க்கால் வழியாகவாவது கொஞ்சம் கசிந்து கடைமடை உயிரோடிருக்கும். மேலேயும் இறக்கி விட்டால் கடைமடை சாவி. எவ்வளவு இறக்குவது, எப்பொழுது இறக்குவது என்பது படம் பார்த்த டாக்டரின் வேலை.

ஆறாவது, முன்பே தின்கிற மருந்துகள். இருதய வால்வு மாற்றிக் கொண்டவர்களும், இருதயத் துடிப்பு தாறுமாறாய் உள்ளவர்களும் இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை தின்கிறார்கள். அதோடு இதையும் சேர்த்தால் இரத்தம் நிற்காது. டாக்டருக்கு அது தெரிய வேண்டும். கடைசி மாத்திரை எப்பொழுது தின்றது என்றும் தெரிய வேண்டும். ஆகையால் வீட்டில் உள்ள மாத்திரை அட்டை, சீட்டு, பொட்டலம், லேகியம் எதுவானாலும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். சர்க்கரைக்கு மருந்து தின்கிறவருக்குச் சர்க்கரை அளவு கீழே இறங்கினாலும் பக்கவாதம்போலவே தோன்றும். ஒரு சொட்டு இரத்தத்தில் தெரிந்து விடும்.

ஏழாவது, ஊசி போட்ட பிறகு. முதல் இரண்டு மணி நேரம் கால் மணிக்கொருதரமும், அடுத்த ஆறு மணி நேரம் அரை மணிக்கொருதரமும், அப்புறம் ஒரு நாள் முடிகிறவரை மணிக்கொருதரமும் கொதிப்பையும் கை காலையும் பார்க்க வேண்டும். திடீரென்று தலைவலி, வாந்தி, மயக்கம் கண்டால் மறுபடி படம். 24 மணி நேரம் கழித்துப் படம் எடுத்துப் பார்க்கிற வரைக்கும் ஆஸ்பிரின்கூடக் கிடையாது. இந்தக் காவல்தான் மருந்தில் முக்கால்வாசி. காவலிருக்க நர்சு இல்லாத இடத்தில் புட்டி மாத்திரம் இருந்து என்ன பிரயோஜனம்? நம் ஜனங்களோ நர்சு கண்ணை மறைத்து, "பசியோடு கிடக்கிறாரே" என்று ஒரு வாய் காப்பியோ இளநீரோ ஊற்றுகிறார்கள். வாதம் வந்தவனுக்குத் தொண்டையும் விழுங்க மறந்திருக்கும். ஊற்றியது மார்புக்குள் போய்ச் சளியும் ஜுரமுமாய் அதிலேயே செத்தவர்கள் எத்தனையோ பேர். விழுங்குகிறாரா என்று சோதித்துச் சொல்லுகிறவரை ஒரு சொட்டும் கூடாது.

ஏழை கையும் பெண் கையும்

இந்த வியாதி ஜாதி, பணம் பார்த்து வருவதில்லை. ஆனால் வந்த பிறகு பார்க்கிறது. மிராசுதாருக்குக் கை விழுந்தால் குத்தகை நெல் வீட்டுக்கு வந்து கொண்டுதானிருக்கும். கூலிக்காரனுக்கு அந்தக் கைதான் நிலம், அந்தக் கைதான் பட்டா. அது விழுந்த அன்றைக்கு அடுப்பு அணைகிறது. அதோடு நிற்பதில்லை. அவனைத் தூக்கவும் கழுவவும் மனைவி வீட்டோடு நிற்கிறாள். அவள் கூலியும் போகிறது. அவளுக்குத் துணையாக மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்துகிறார்கள். மகனை நிறுத்துவதில்லை. ஒரு மதகு அடைப்பில் மூன்று பேர் வாழ்வு காய்கிறது. வாதம் வந்தது பெண்பிள்ளைக்கென்றாலோ, "பொழுது விடியட்டும், அவர் வரட்டும், கேட்டுக் கொண்டு போகலாம்" என்று மணி போய் விடுகிறது. புருஷன் உத்தரவு வருகிற வரைக்கும் மூளை காத்திருக்குமா? யார் விழுந்தாலும், பக்கத்தில் யாரிருந்தாலும், அவர்களே உத்தரவு போட்டுக் கொண்டு கிளம்ப வேண்டும்.

செய்ய வேண்டியதும் கேட்க வேண்டியதும்

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சந்தான். முகம் கோணியதா, கை தூக்க வருகிறதா, பேச்சு குழறுகிறதா என்று பாருங்கள். மூன்றில் ஒன்றிருந்தாலும் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக் கொள்ளுங்கள். 2008 முதல் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. அதைக் கூப்பிட்டு, "பக்கவாதம், ஸிடி படம் உள்ள ஆஸ்பத்திரிக்கு" என்று சொல்லுங்கள். படமில்லாத இடத்தில் இறங்கி, ஒரு குளூகோஸும் ஊசியும் போட்டுக் கொண்டு, அங்கிருந்து இன்னோரிடம், அங்கிருந்து மற்றோரிடம் என்று போவதில்தான் நாலரை மணியும் தீர்ந்து போகிறது. தஞ்சாவூரில் 1959-லும், திருவாரூரில் 2010-லும், நாகப்பட்டினத்தில் 2022-லும் சர்க்கார் மருத்துவக் கல்லூரி ஏற்பட்டிருக்கிறது. வேதாரண்யத்துக்காரர் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தஞ்சாவூருக்கே ஓட வேண்டியிருந்த காலம் போய் விட்டது. உங்கள் ஊருக்குக் கிட்டத்தில் இராத்திரியும் படம் எடுக்கிற இடம் எது என்று இன்றைக்கே விசாரித்து வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். ஆள் விழுந்த பிறகு விசாரிக்க நேரமிருக்காது.

வருமுன் காப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. கொதிப்பும் சர்க்கரையும் புகையிலையும்தான் இந்த வியாதிக்குப் பாதை போடுகின்றன. 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து கொதிப்புப் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். "இப்பொழுது நன்றாய்த்தானே இருக்கிறேன்" என்று அதை நிறுத்தி விடாதீர்கள். மாத்திரை தின்பதால்தான் நன்றாயிருக்கிறது.

சர்க்காரிடம் கேட்க வேண்டியதும் உண்டு. தமிழ்நாடு சர்க்காரின் விபத்து, அவசர சிகிச்சைத் திட்டத்தில் பக்கவாதமும் சேர்ந்திருக்கிறது. சந்தோஷம். ஏட்டில் இருப்பது இராத்திரி இரண்டு மணிக்கும் இருக்கிறதா என்று கேட்பது ஜனங்களின் உரிமை. எங்கள் ஆஸ்பத்திரியில் ஸிடி கருவி இராத்திரியும் வேலை செய்கிறதா? மருந்து கையிருப்பில் இருக்கிறதா, அல்லது வெளியில் வாங்கி வா என்று சீட்டுக் கொடுக்கப்படுகிறதா? எடை பார்க்கும் கருவி அவசர அறையிலேயே இருக்கிறதா? ஊசிக்குப் பிறகு காவலிருக்க நர்சு உண்டா? போட்டவர் எத்தனை பேர், பிழைத்தவர் எத்தனை பேர், இரத்தம் கசிந்தவர் எத்தனை பேர் என்று கணக்கு வைக்கிறார்களா? 1994-ல் ஏற்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் மூலம் ஏழைக்கு இலவச மருந்து கொடுத்துக் காட்டிய இராஜ்யம் இது. நரம்பு வைத்திய நிபுணர் எல்லா ஊரிலும் இல்லையே என்று சொல்லக்கூடும். மலைநாடாகிய இமாசலப் பிரதேசத்தில் 2014 முதல், ஜில்லா ஆஸ்பத்திரியில் உள்ள சாதாரண டாக்டர் படத்தைப் போனில் அனுப்பி, தூரத்திலுள்ள நிபுணரைக் கேட்டு, சர்க்கார் இலவசமாய்க் கொடுத்த மருந்தைப் போட்டிருக்கிறார்கள். மலையில் முடிந்தது இந்தச் சமவெளியில் முடியாதா? கோயில் குடமுழுக்குக்கு ஊர்கூடி வரி போடத் தெரிந்த நமக்கு, ஊர்கூடி இந்த நாலு கேள்வி கேட்கத் தெரியாதா?

தோழர்களே! நாம் சொன்னதையும் நாம் சொன்னோம் என்பதற்காக நம்பி விடாதீர்கள். நாளைக்கே உங்கள் ஊர் ஆஸ்பத்திரி டாக்டரிடம் போய், இவர் இப்படிப் பேசினாரே, சரிதானா என்று கேளுங்கள். சரியென்று பட்டதை உங்கள் வீட்டுப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். அடுத்த அறுப்புக்குள் இந்த ஊரில் யாருக்காவது வாய் கோணினால், பஞ்சாங்கத்தைத் தேடுகிற கையைக் காட்டிலும் கடிகாரத்தைத் தேடுகிற கை அதிகமாயிருக்க வேண்டும் என்று கேட்டுக் கொண்டு, இத்துடன் முடித்துக் கொள்ளுகிறோம்.